மலைநாட்டு விடுமுறையும் பூச்சித் தைலமும்



பள்ளி விடுமுறை நெருங்கியதும் நகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. சிலர் சொந்த ஊருக்குப் புறப்படுகிறார்கள். சிலர் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த காலம் மாறி, இப்போது மூணாறு, தேக்கடி, வாகமண், நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், சைலண்ட் வேலி என்று எல்லை தாண்டிப் போகிறவர்களே அநேகர். போடிமெட்டு வழியாகவும், கம்பம் குமுளி வழியாகவும், உடுமலைப்பேட்டை சின்னாறு வழியாகவும் இடுக்கி மாவட்டத்திற்குள் நுழைகிறோம். வாளையாறு வழியாகவும், கோவை ஆனைகட்டி வழியாகவும் பாலக்காட்டிற்குள் போகிறோம். பரம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்ததாயினும், அதற்குச் செல்லும் வண்டிப்பாதை நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கிறது.

இப்படிப்பட்ட பிரயாணங்களுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வைக்கிறோம். வாந்திக்கு மாத்திரை எடுத்து வைக்கிறோம். முறுக்கும் புளிச்சோறும் மறப்பதில்லை. ஆனால் பூச்சிக்கடிக்கு என்ன எடுத்தீர்கள் என்று கேட்டால், "போகிற இடத்தில் ஒரு கொசுவர்த்தி வாங்கிக்கொள்ளலாம்" என்பதே பதிலாக இருக்கிறது. பூச்சிக்கடி ஒரு சிறிய தொந்தரவு மாத்திரம் என்றால் இந்தப் பதில் போதும். ஆனால் மலையடிவாரத்துப் புல்லிலும் புதரிலும் கடிக்கிறவற்றில் சில, வீடு திரும்பிப் பத்து நாள் கழித்துப் பிள்ளையைக் காய்ச்சலில் படுக்க வைக்கக்கூடியவை. ஆகையால் எதைத் தெரிந்தெடுப்பது, எப்படி உபயோகிப்பது, எதற்குப் பணத்தை வீணாக்கக் கூடாது என்பதை இம்மாதம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கடிப்பது யார்?

எல்லாவற்றையும் கொசு என்றே சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. எது கடிக்கிறது என்று அறிந்தால்தான் எதைத் தடவுவது என்று அறிய முடியும்.

முதலாவது, கொசு. மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்குள்ள குளிரில் கொசு குறைவு. ஆனால் வழியில் நாம் இறங்கும் அடிவார ஊர்களிலும், பாலக்காட்டுச் சமவெளியிலும் நிலைமை அப்படியல்ல. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரவுக்கு மாத்திரம் ஆயத்தம் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, கடிக்கும் சிற்றீ. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள கரும்புள்ளி போன்ற பூச்சி இது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, காதில் இரையாது. கடித்த பின்பு தீப்பொறி பட்டதுபோல் எரியும். பிறகு நாட்கணக்காய் அரிக்கும். ஈரச் சேற்றிலும், மக்கிய இலையிலும், சாணக் குவியலிலும் இது பெருகும். ஆகவே அணைக்கட்டின் ஓரம், வயல் வரப்பு, மாட்டுக் கொட்டகை அருகிலுள்ள தங்கும் விடுதி ஆகியவை இதற்கு உகந்த இடங்கள். அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் கூட்டமாய் வரும். ஆடுகளுக்கு வரும் நீலநாக்கு நோயைப் பரப்புவது இந்த இனமே. அந்நோய் மனிதருக்கு வருவதில்லை. வேகமாய்ப் பாயும் ஓடைகளின் அருகே பகலில் கடித்து ஒரு துளி இரத்தம் காட்டிவிட்டுப் போகும் கருப்பு ஈ வேறொரு இனம். தடுக்கும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

மூன்றாவது, உண்ணியும் அதன் இனத்தைச் சேர்ந்த நுண்பூச்சியும். இவை பறப்பதில்லை. புல் நுனியிலும் புதரிலும் காத்திருந்து, உராய்ந்து செல்லும் காலில் ஏறிக்கொள்ளும். சின்னாறு, மறையூர் போன்ற மழை மறைவுப் பகுதிகளிலும் மான், மாடு மேயும் புல்வெளிகளிலும் கவனம் தேவை.

நான்காவது, அட்டை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தேக்கடிக் காட்டிலும் சைலண்ட் வேலியிலும் ஈர இலைமேல் கால் வைத்தாலே ஏறிவிடும். பார்ப்பதற்கு அருவருப்பாயிருந்தாலும் இந்நான்கில் பயப்பட வேண்டியது குறைவானது இதுவே.

பனி என்றால் குளிரல்ல

எல்லை தாண்டியதும் மலையாளத்தில் எழுதிய சுகாதாரப் பலகைகளைக் காண்பீர்கள். அவற்றில் "பனி" என்ற சொல் அடிக்கடி வரும். நமக்குப் பனி என்றால் குளிர். அவர்களுக்குப் பனி என்றால் காய்ச்சல். டெங்கிப்பனி, எலிப்பனி, குரங்குபனி, செள்ளுபனி என்று வாசித்துக் கேட்டால் அவை என்னவென்று அறிந்துகொள்ளுங்கள். செள்ளுபனி என்பது ஸ்க்ரப் டைபஸ். நம் பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள்.

இந்தக் காய்ச்சலைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சியின் குஞ்சு, புதரிலும் புல்லிலும் இருந்து சரீரத்தில் ஏறி, ஆடை இறுக்கமாயிருக்கும் இடத்தில் கடிக்கிறது. வலிப்பதில்லை. ஏறக்குறைய பத்து, பன்னிரண்டு நாட்களுக்குப் பின்பு, சில வேளைகளில் மூன்று வாரத்திற்குள், கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வரும். கடித்த இடத்தில் சிகரெட் நெருப்பு பட்டதுபோல் கறுத்த பொருக்குள்ள ஒரு புண் இருக்கலாம். அது பெரும்பாலும் அக்குளிலும், தொடை இடுக்கிலும், முழங்காலின் பின்புறத்திலும், பெண்களுக்கு மார்பின் கீழும் மறைந்திருக்கும். தேடிப் பார்த்தாலன்றித் தெரியாது. எல்லாருக்கும் இப்புண் வருவதுமில்லை.

தகுந்த மருந்து உரிய நேரத்தில் கிடைத்தால் இது சீக்கிரம் குணமாகும் நோய். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் பழைய, விலை குறைந்த மருந்துகளே இதற்குச் சிகிச்சை. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மாத்திரம் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று.

நகரவாசிகளாகிய நமக்கு உள்ள அபாயம் இதுதான்: மலைக்குப் போனது ஒரு மாதத்தில், காய்ச்சல் வந்தது மறு மாதத்தில். இரண்டையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. நகரத்து மருத்துவரும் கேட்காமல் போகலாம். ஆகவே, மலையிலிருந்து திரும்பி மூன்று வாரத்திற்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியம் "இன்ன தேதியில் இன்ன காட்டுப் பகுதிக்குப் போய் வந்தோம்" என்பதாயிருக்கட்டும். நீங்களாகக் காய்ச்சல் மாத்திரை மாத்திரம் கொடுத்துக்கொண்டு நாட்களைப் போக்காதீர்கள்.

குரங்குக் காய்ச்சல் என்பது வேறு. 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதலாவது கண்டறியப்பட்ட இது உண்ணியால் பரவுவது. 2015-ல் வயநாட்டில் பரவி உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. உங்கள் பிரயாணத்தில் வயநாட்டுக் காடும் சேர்ந்திருந்தால், குரங்கு இறந்து கிடக்கும் இடத்தை அணுகாமல் விலகிச் செல்லுங்கள்.

பெட்டியின் முன்புறத்தை அல்ல, பின்புறத்தை வாசியுங்கள்

கடையில் நாம் பார்ப்பது பெட்டியின் முன்புறத்திலுள்ள படத்தை. வாங்க வேண்டியது பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தை. மேலே பூசும் பூச்சி விரட்டிகளில் நம்பத்தக்கவை சிலவே.

டீட் என்பது இவற்றில் மூத்தது. 1946-ல் அமெரிக்க இராணுவத்திற்கென்று உருவாக்கப்பட்டு, 1957 முதல் பொதுமக்கள் உபயோகத்திற்கு வந்தது. இதன் சதவீதம் கூடினால் பலம் கூடுகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் கூடுவது நேரமே. 10 சதவீதம் ஏறக்குறைய இரண்டு மணி நேரமும், 20 முதல் 30 சதவீதம் ஏறக்குறைய ஐந்து, ஆறு மணி நேரமும் காக்கும். 50 சதவீதத்திற்கு மேல் போவதால் அதிக நன்மை இல்லை. இதற்கு ஒரு குறை உண்டு. பிளாஸ்டிக்கை இளக்கும். மூக்குக் கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரம், கைப்பேசியின் உறை, ரேயான், ஸ்பாண்டெக்ஸ் துணி ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பருத்திக்கும் கம்பளிக்கும் நைலானுக்கும் கெடுதியில்லை.

நம் வீடுகளில் நெடுங்காலம் அறிமுகமான ஓடோமாஸ் களிம்பில் இருப்பது டீட் அல்ல. அதற்கு உறவான டைஎத்தில் பென்சமைடு என்பது அதில் 12 சதவீதம் உள்ளது. எந்த ஊர் மருந்துக் கடையிலும் கிடைப்பது, விலை குறைந்தது, குழாயில் இருப்பதால் பையில் கொட்டாதது ஆகியவை இதன் வசதிகள். இதே குடும்பத்தில் டீபா என்னும் மற்றொரு மருந்தைக் குவாலியரிலுள்ள நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கியது.

இகாரிடின் அல்லது பிகாரிடின் என்பது 1980-களில் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் கண்டுபிடித்தது. 20 சதவீதம் உள்ளது டீட்டுக்கு நிகராகப் பல மணி நேரம் காக்கும். நெடி குறைவு, பிசுபிசுப்பு குறைவு, பிளாஸ்டிக்கைக் கெடுப்பதில்லை. சிற்றீக்களுக்குப் பெயர்போன ஸ்காட்லாந்து மலைநாட்டில் பிரயாணிகள் பெரும்பாலும் விரும்புவது இதைத்தான். வளைகுடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் உறவினர் "என்ன கொண்டுவரட்டும்" என்று கேட்டால், சாக்லேட்டுடன் இதையும் சொல்லலாம்.

எலுமிச்சை யூகலிப்டஸ் இலையிலிருந்து பெறும் பி.எம்.டி. என்பது தாவர வகைகளில் நன்கு வேலை செய்வது. மூன்று வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது வேண்டாம். கடையில் விற்கும் சாதாரண யூகலிப்டஸ் தைலமும் இதுவும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

பணத்தை எங்கே வீணாக்குகிறோம்?

2002-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், பலவகை விரட்டிகளைப் பூசிய கையை ஏடிஸ் கொசுக்கள் நிறைந்த கூண்டுக்குள் வைத்துச் சோதித்தார்கள். 23.8 சதவீத டீட் சராசரியாக 301 நிமிடம் காத்தது. சோயா எண்ணெயை அடிப்படையாய்க் கொண்டது ஏறக்குறைய 95 நிமிடம் காத்தது. புல்தைல வகைகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. கையில் கட்டும் பட்டைகள் காத்த நேரம் இல்லை என்றே சொல்லலாம்.

பிள்ளைகளின் மணிக்கட்டில் வண்ணப் பட்டை ஒன்றை மாட்டிவிட்டு நிம்மதியாயிருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பட்டை கட்டிய கையிலேயே, நான்கு விரற்கடை தள்ளிக் கொசு கடிக்கும். சட்டையில் ஒட்டும் வில்லைகளும், துணியில் இரண்டு சொட்டு வைக்கும் புல்தைலமும் வாசனையாயிருக்கும். ஆனால் காட்டுப் பாதையில் நாள் முழுவதும் காக்கும் என்று நம்பக் கூடாது. கைப்பேசியில் ஒலி எழுப்பிக் கொசு விரட்டும் செயலியும், பூண்டு தின்பதும், பி-வைட்டமின் மாத்திரை விழுங்குவதும் பயனற்றவை.

வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து பூசுவது நம் முன்னோர் வழக்கம். எண்ணெய்ப் பூச்சில் சிற்றீக்கள் ஒட்டிக்கொள்வதால் ஓரளவு பயன் உண்டு. வேறொன்றும் கையில் இல்லாத வேளைக்கு அது நல்லது. ஆனால் வேர்வையில் வழிந்துவிடும், அடிக்கடி பூச வேண்டும், காய்ச்சல் பரவும் இடத்தில் அதை மாத்திரம் நம்பியிருக்கலாகாது.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு சொல்லிற்று. குளிருக்காக ஜன்னலை அடைத்துக்கொண்டு, இளைப்பு உள்ள பிள்ளையையும் படுக்க வைத்து, தலைமாட்டில் சுருள் கொளுத்துவது ஞானமல்ல. மின்சாரத்தில் மாட்டும் திரவம் அறைக்குள் நல்லது. மலை விடுதிகளில் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுபோகும். எதை வாங்கினாலும் 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பெற்ற பதிவெண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தையில் குறைந்த விலைக்கு விற்கும், பதிவெண் இல்லாத கொசு ஊதுபத்திகளில் என்ன மருந்து சேர்த்திருக்கிறார்கள் என்று நம்மால் அறிய முடியாது.

பிரயாணத்திற்கு ஏற்ற வடிவம் எது?

வேனில் போகிறவர்களுக்கு எந்த வடிவமும் சரி. இரயிலிலும் விமானத்திலும் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். அட்டைக்கும் உண்ணிக்கும் என்று சிலர் மண்ணெண்ணெய் எடுத்துப்போவதுண்டு. இரயிலில் மண்ணெண்ணெய் கொண்டுபோவது குற்றம். 1989-ம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்படி தண்டனை உண்டு. அது தேவையும் இல்லை. விமானத்தில் பூச்சிக்கொல்லி வாயுக்குப்பியைக் கைப்பையில் அனுமதிக்க மாட்டார்கள். வெளிநாட்டு விமானங்களில் கைப்பையிலுள்ள திரவமும் களிம்பும் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேற்படக் கூடாது. ஆகவே நெடும்பாசேரியிலோ கோவையிலோ இறங்கி மலையேறுகிறவர்களுக்கு ஏற்றது 50 கிராம் குழாய்க் களிம்பு அல்லது 100 மில்லிக்குட்பட்ட, கையால் அழுத்தித் தெளிக்கும் சிறு குப்பி.

எவ்வளவு தேவை? ஒருவருக்கு ஒரு முறைக்கு ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர், நாளொன்றுக்கு இரண்டு முறை, மூன்று நாள் என்றால் 24 தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 120 மில்லி. ஒரே ஒரு குழாயை வாங்கிக்கொண்டு பத்துப் பேர் புறப்பட்டால், எல்லாருக்கும் ஒரு விரல் நுனி வீதம் தடவி, ஒருவருக்கும் பயனில்லாமல் போகும். பூசாமல் விட்ட இடத்தில் பூச்சி கடிக்கும் என்பதே இம்மருந்துகளின் இயல்பு. கணுக்கால், பிடரி, காதின் பின்புறம் ஆகியவை பெரும்பாலும் விடுபடும் இடங்கள்.

பூசும் முறை

1. வெயில் களிம்பு பூசுவதானால் முதலாவது அதைப் பூசி, அது ஊறிய பின்பு பூச்சி விரட்டியைப் பூச வேண்டும்.

2. ஆடைக்கு வெளியே தெரியும் தோலில் மாத்திரம் பூசுங்கள். ஆடைக்குள்ளும், காயம், படை உள்ள இடத்திலும் பூச வேண்டாம்.

3. முகத்தில் நேரே தெளிக்காதீர்கள். பெரியவர்கள் தங்கள் உள்ளங்கையில் எடுத்து, கண்ணும் வாயும் தவிர்த்துப் பிள்ளையின் முகத்தில் தடவ வேண்டும். பிள்ளையின் கைகளில் பூசக் கூடாது. அந்தக் கை உடனே வாய்க்குப் போகும்.

4. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு எதையும் பூசாதீர்கள். தொட்டில்மேல் வலை போதும். பிள்ளைகளுக்கு டீட் 30 சதவீதத்திற்கு மேற்பட வேண்டாம். கர்ப்பவதிகள் தங்கள் மருத்துவரைக் கேட்டு, பெட்டியில் குறித்தபடி உபயோகிக்கலாம்.

5. அறைக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே உறங்க வேண்டும்.

தைலத்திற்கு முன்னே ஆடை

எந்த மருந்தையும்விட முழுக்கைச் சட்டையும் நீளமான கால்சட்டையும் நல்லவை. நிறம் வெளிர் நிறமாயிருந்தால் ஏறும் உண்ணி கண்ணுக்குத் தெரியும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது அழகாய்த் தெரியாவிட்டாலும் பயனுள்ளது. நம் சகோதரிகளுக்குச் சேலையோ சுரிதாரோ வழக்கமாயிருந்தால், காட்டுப் பாதையில் உள்ளே இறுக்கமான பருத்திக் காற்சட்டையும் நீளக் காலுறையும் அணிவது நல்லது. புல்லில் துணி விரிக்காமல் உட்காருவதும், ஈரத் துணியைப் புதரின்மேல் உலர்த்தி அதையே அணிவதும் செள்ளுக்கு வழி திறப்பதாகும். அறைக்குத் திரும்பியதும் அன்று அணிந்ததைத் தனிப் பையில் போட்டு, எல்லாரும் குளித்து, பிள்ளைகளின் அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், காதோரம் ஆகியவற்றைத் தாய்மார் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை இது.

சிற்றீக்கு இன்னொரு எளிய எதிரி உண்டு. அது காற்று. சிற்றீ மிகவும் பலவீனமாய்ப் பறப்பது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது. சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் அது நுழைந்துவிடும். ஆனால் சுழலும் மின்விசிறிக்கு முன்னே வராது. ஆகவே அந்தி நேரத்தில் அணை ஓரத்திலோ வயல் ஓரத்திலோ உட்காராமல், காற்று வீசும் மேட்டில் உட்காருங்கள். விடுதியில் குளிராயிருந்தாலும் விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள்.

அட்டைக்கு முழங்கால்வரை வரும் நெருங்கிய நெசவுத் துணிக் காலுறை போதும். தேக்கடி போன்ற இடங்களில் காட்டு நடைக்குப் போகிறவர்கள் வழக்கமாக அணிவது இதுவே. கடித்துவிட்டால் நெருப்பு வைக்க வேண்டாம். விரல் நகத்தைத் தோலோடு ஒட்டினாற்போல் நகர்த்தி மெல்லிய முனையைத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது சுரப்பதால் சற்று நேரம் வடியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும். பிள்ளைகள் பயந்து அலறாதபடி முன்னமே சொல்லி வையுங்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால் சிறு இடுக்கியால் தோலுக்கு மிக நெருக்கமாகப் பிடித்து நேராக மேலே இழுங்கள். முறுக்க வேண்டாம், நசுக்க வேண்டாம், எண்ணெய் ஊற்ற வேண்டாம். பின்பு சோப்பால் கழுவி, அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சிற்றீயும் கொசுவும் கடித்த இடத்தைச் சொறியாமல் குளிர்ந்த நீர்த்துணி வைத்து, காலமைன் தடவினால் போதும். அரிப்பு தாங்காவிட்டால் மருத்துவர் சொல்லும் ஒவ்வாமை மாத்திரை உதவும். கடித்த பின்பு முகமும் உதடும் வீங்கி மூச்சுத் திணறினால் தாமதமின்றி 108-ஐ அழையுங்கள். கேரளத்திலும் அதே எண்தான்.

முடிவாக

ஜெபித்துப் புறப்படுவதும் ஆயத்தத்தோடு புறப்படுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. வேனின் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்த்த பின்பே நாம் மலையேறுகிறோம். பிள்ளைகளின் சரீரத்தையும் அவ்விதமே பார்த்துக்கொள்வோம். பையில் வைக்க வேண்டியவை அதிகமல்ல: டீட் அல்லது அதற்கு நிகரான மருந்து உள்ள இரண்டு மூன்று குழாய்கள், நீளக் காலுறை, வெளிர் நிற முழுக்கை ஆடை, ஒரு சிறு இடுக்கி, காலமைன், சோப்பு. இவ்வளவும் ஒரு சாப்பாட்டுத் தூக்குக்குள் அடங்கும்.

இன்னொரு காரியம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் நம் மொழி பேசும், நம் உறவினரான குடும்பங்கள் தலைமுறைகளாக வேலை செய்கிறார்கள். நாம் மூன்று நாள் அனுபவிக்கும் அட்டையும் பூச்சியும் அவர்களுக்கு அன்றாட வாழ்க்கை. அவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் பழமும் பலகாரமும் வாங்கிப்போகிறோம். இந்த முறை அவற்றோடு நான்கு குழாய்க் களிம்பும் நான்கு ஜோடி நீளக் காலுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செள்ளுபனியின் அடையாளம் என்ன, கறுத்த புண்ணை எங்கே தேட வேண்டும் என்பதையும் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், நமக்கு அதைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

திரும்பி வந்ததும் நாட்காட்டியில், வந்த தேதியிலிருந்து மூன்று வாரம் கழித்து வரும் நாளைச் சுற்றி ஒரு வட்டமிடுங்கள். அந்நாள்வரை வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லையென்றால் வட்டத்தை அடித்துவிடலாம். அதற்குள் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போய், எங்கே போய் வந்தீர்கள் என்பதை முதலாவது சொல்லுங்கள்.

உங்கள் பிரயாணம் சமாதானமாயும் சுகமாயும் அமைவதாக.